'சீ' என்ற ஆங்கில வினையைச் சரியாகக் கையாள்வது எப்படி

'சீ என்றால் பார்' என்று படித்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் மூன்று இடங்களில் தவறாமல் வழுக்குகிறார்கள். பறவை கண்ணில் பட்டதும் "ஐ ஆம் சீயிங் எ பேர்ட்" என்கிறார்கள். பலகையைக் காட்டி "சீ தி போர்டு" என்கிறார்கள். இரவில் தொலைக்காட்சி பார்ப்பதை "ஐ சீ டிவி எவ்ரி நைட்" என்கிறார்கள். மூன்றும் பிழை. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: 'சீ'யின் முதற்பொருள் 'பார்' இல்லை, 'தெரி'.

"பார்த்தேன், ஆனால் ஒன்றும் தெரியவில்லை" என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது "ஐ லுக்ட், பட் ஐ குடன்ட் சீ எனிதிங்". பார்த்தது 'லுக்', தெரிவதுதான் 'சீ'. கண்ணைத் திருப்புவது நம் செயல். காட்சி வந்து விழுவது நம் கையில் இல்லை. தமிழ் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது, பாடப்புத்தகம்தான் குழப்பிவிட்டது. 'காண்' என்ற வினை 'சீ'க்கு இன்னும் நெருக்கம். இலங்கைத் தமிழில் "நேற்று அவரைக் கண்டேன்" என்பது இன்றும் சாதாரணப் பேச்சு. தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த வினை பெரும்பாலும் எதிர்மறையில் தங்கியிருக்கிறது: "எங்கும் பார்த்தேன், காணோம்."

முதலில் வடிவங்கள்

நிகழ்காலம் 'சீ', இறந்தகாலம் 'சா', 'ஹேவ்' உடனும் செயப்பாட்டு வினையிலும் 'சீன்', '-இங்' சேர்ந்தால் 'சீயிங்'. 'டிட்' வந்தபின் 'சா' வராது: "டிட் யூ சா" தவறு, "டிட் யூ சீ" சரி.

இதைவிட அதிகம் நடக்கும் பிழை 'ஹேவ் சீன்' தொடர்பானது. "போன வருடமே அவரைப் பார்த்திருக்கிறேன்" என்பது தமிழில் இயல்பு. அதே அமைப்பில் "ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்" என்றால் ஆங்கிலம் ஏற்காது. எப்போது என்று காலத்தைச் சுட்டிவிட்டால் 'சா' மட்டுமே: "ஐ சா ஹிம் லாஸ்ட் இயர்." காலம் சொல்லாமல் அனுபவத்தை மட்டும் சொல்லும்போதுதான் "ஐ ஹேவ் சீன் ஹிம்".

'சீ', 'லுக்', 'வாட்ச்'

தமிழ்ச் சொற்களை வைத்தே பிரித்துக்கொள்ளலாம். 'தெரிகிறது', 'கண்ணில் பட்டது' என்று சொல்ல முடிந்தால் 'சீ'. 'பார்' என்று ஏவ முடிந்தால் 'லுக் அட்'. 'பார்த்துக்கொண்டிரு', 'கவனி' என்று சொல்ல முடிந்தால் 'வாட்ச்'. பலகையைப் பார்க்கச் சொல்வது ஏவல். ஆகவே "லுக் அட் தி போர்டு". 'அட்' விட்டுப்போகக் கூடாது. தொலைக்காட்சி, விளையாட்டு, கொதிக்கும் பால் ஆகியவை மாறிக்கொண்டே இருப்பவை; நாம் தொடர்ந்து கவனிப்பவை; அவற்றுக்கு 'வாட்ச்'.

திரைப்படத்துக்கு இரண்டும் வரும். அரங்குக்குப் போய்ப் பார்ப்பதற்கு 'சீ எ ஃபில்ம்' இயல்பு. வீட்டில் திரை முன் உட்கார்ந்து பார்ப்பதற்கு 'வாட்ச்'. முடிந்துபோன ஆட்டத்தைப் பற்றி "டிட் யூ சீ தி மேட்ச்?" என்று கேட்கலாம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் "ஐ ஆம் வாட்சிங் தி மேட்ச்" என்றே சொல்ல வேண்டும்.

இப்போது, இந்த நொடியில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல ஆங்கிலத்தார் பெரும்பாலும் 'கேன்' சேர்ப்பார்கள்: "ஐ கேன் சீ எ ஷிப்." இதைக் 'கப்பலைப் பார்க்க முடிகிறது' என்று மொழிபெயர்த்துக்கொண்டு திறமை பற்றிய பேச்சு என்று நினைக்க வேண்டாம். 'கப்பல் தெரிகிறது', அவ்வளவுதான். இறந்தகாலத்தில் நுட்பமான வேறுபாடு வரும். "ஐ குட் சீ எ லைட்" என்றால் வெளிச்சம் தெரிந்துகொண்டிருந்தது. "ஐ சா எ லைட்" என்றால் சட்டென்று கண்ணில் பட்டது.

எழுவாயிலும் கவனம் வேண்டும். 'எனக்குக் கப்பல் தெரிகிறது' என்பதில் கப்பல்தான் எழுவாய். நாம் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறோம். ஆங்கிலத்தில் ஆளே எழுவாய் ஆக வேண்டும். கப்பலை எழுவாயாக வைத்தே தீர வேண்டுமென்றால் "தி ஷிப் கேன் பி சீன்" அல்லது "தி ஷிப் இஸ் விசிபிள்".

'சீயிங்' எப்போது வரும்?

இதற்கு ஒரு சோதனை போதும். உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'தெரி', 'புரி', 'தோன்று' வந்தால் '-இங்' சேர்க்காதீர்கள். 'சந்தி', 'போய்ப் பார்', 'சரிபார்' போல ஆள் முனைந்து செய்யும் செயல் வந்தால் '-இங்' தாராளமாகச் சேரும். பறவை தெரிகிறது: "ஐ கேன் சீ எ பேர்ட்." நீங்கள் சொல்வது புரிகிறது: "ஐ சீ வாட் யூ மீன்." நாளை மருத்துவரைப் போய்ப் பார்க்கிறேன்: "ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ."

சோதனைக்கு அடங்காத இடங்கள் இரண்டு. கண்ணில் கோளாறு ஏற்பட்டு இல்லாதது தெரியும்போது '-இங்' வரும்: எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்பது "ஐ ஆம் சீயிங் டபுள்", இல்லாத உருவங்கள் தெரிகின்றன என்பது "ஐ ஆம் சீயிங் திங்ஸ்". செய்தி நடையில் மாற்றம் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும்போதும் வரும்: "வி ஆர் சீயிங் எ ரைஸ் இன் டிமாண்ட்." இந்த இரண்டையும் தனியாக மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற இடங்களில் சோதனை அநேகமாகக் கைவிடாது.

ஒருவர் செய்வதைப் பார்த்தல்

எழுதும்போது பலருக்கும் தடங்கல் வரும் இடம் இது. அவர் சாலையைக் கடந்ததை முழுவதும் பார்த்தால் "ஐ சா ஹிம் கிராஸ் தி ரோட்". கடந்துகொண்டிருக்கும்போது நடுவில் கண்ணில் பட்டால் "ஐ சா ஹிம் கிராஸிங் தி ரோட்". முதல் வாக்கியத்தில் அவர் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவதில் சேர்ந்தாரா என்று சொல்லப்படவில்லை. சாட்சியம், விபத்து அறிக்கை போன்றவற்றில் இந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும்.

"ஐ சா ஹிம் டு கிராஸ்" என்று 'டு' போடுவது தவறு. ஆனால் செயப்பாட்டு வினையாக்கும்போது அதே 'டு' கட்டாயமாகத் திரும்பி வரும்: "ஹி வாஸ் சீன் டு கிராஸ் தி ரோட்." '-இங்' வடிவத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை: "ஹி வாஸ் சீன் கிராஸிங் தி ரோட்."

'சா' வுக்குப் பின் 'தட்' போட்டால் பொருள் இன்னொரு பக்கம் போய்விடும். "ஐ சா தட் ஹி ஹேட் லெஃப்ட்" என்றால் அவர் கிளம்புவதை நாம் பார்க்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்ததும் அவர் போய்விட்டது தெரிந்தது. இங்கும் 'தெரி'தான் துணைக்கு வருகிறது.

புரிதலும் கருதுதலும்

கண்ணுக்குத் தெரிவதிலிருந்து மனத்துக்குத் தெரிவதற்கு ஓர் அடிதான். "ஐ சீ" என்றால் 'அப்படியா, புரிந்தது' என்று பொருள். 'சரி, ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொருள் அதில் கிடையாது. ஒரு வேலையைச் செய்யச் சொன்னவரிடம் "ஐ சீ" என்று மட்டும் பதில் சொன்னால், கேட்டுக்கொண்டீர்கள் என்பதுதான் அவருக்குப் போய்ச் சேரும். செய்வீர்கள் என்பது சேராது. அங்கே "ஆல் ரைட்", "ஐ வில்" என்பவையே பொருந்தும். "ஐ சீ வாட் யூ மீன், பட்..." என்று ஒருவர் தொடங்கினால் மறுப்பு வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

"ஐ டோன்ட் சீ வை" என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். சொல்லளவில் 'ஏன் என்று புரியவில்லை'. பேச்சில் பெரும்பாலும் 'அதற்கு அவசியமே இல்லை' என்ற எதிர்ப்பாக ஒலிக்கும். "ஐ டோன்ட் சீ வை வி ஷுட் பே" என்பவர் விளக்கம் கேட்கவில்லை. பணம் கட்ட மறுக்கிறார். உண்மையாகவே விளங்காதபோது "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் வை" என்று சொல்வதுதான் பாதுகாப்பு.

புரிகிற எல்லாவற்றுக்கும் 'சீ' வராது. காரணம், வேறுபாடு, சிக்கல், நோக்கம், நகைச்சுவை ஆகியவற்றை 'சீ' செய்யலாம்: "சீ தி ரீசன்", "சீ தி டிஃபரன்ஸ்", "சீ தி ஜோக்". ஒரு மொழியையோ கடினமான வாக்கியத்தையோ 'சீ' செய்ய முடியாது, அவற்றுக்கு 'அண்டர்ஸ்டாண்ட்'. நொடியில் பளிச்சென்று பிடிபடுவதற்கு 'சீ' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை இன்னொன்றாகக் கருதுவதற்கு 'சீ... ஆஸ்': "ஐ சீ இட் ஆஸ் எ வார்னிங்." 'ஆஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'லைக்' போடாதீர்கள். என் பார்வையில் என்று தொடங்க "ஆஸ் ஐ சீ இட்" நல்ல தொடக்கம். கற்பனை செய்வதும் இதன் கிளைதான்: "ஐ கான்ட் சீ ஹிம் அக்ரீயிங்" என்றால் அவர் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தெரிந்துகொள்ளுதல்

'தெரி'யிலிருந்து 'தெரிந்துகொள்'. மழை நின்றதா என்று பார்: "சீ இஃப் தி ரெய்ன் ஹேஸ் ஸ்டாப்ட்." இங்கே 'இஃப்' அல்லது 'வெதர்' வேண்டும், 'தட்' வரக் கூடாது. ஏனென்றால் "சீ தட்" என்றால் 'நடக்கும்படி பார்த்துக்கொள்' என்று கட்டளையாகிவிடும். "சீ இஃப் தி டோர் இஸ் லாக்ட்" என்றால் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும். "சீ தட் தி டோர் இஸ் லாக்ட்" என்றால் பூட்டாமல் வரக் கூடாது. ஒரே ஒரு சின்னச் சொல்லில் பொறுப்பு இவ்வளவு மாறுகிறது.

"வி வில் சீ" என்பது முடிவைத் தள்ளிப்போடும் சொல். பெரியவர்கள் குழந்தையிடம் சொல்லும்போது பெரும்பாலும் மென்மையான மறுப்பு. "ஐ வில் சீ வாட் ஐ கேன் டூ" என்றவர் முயற்சிக்கு மட்டுமே வாக்குக் கொடுத்திருக்கிறார், பலனுக்கு இல்லை. "லெட் மி சீ" யோசிக்க நேரம் வாங்கும் சொல்.

சந்தித்தல்

முதல் சந்திப்பில் "நைஸ் டு மீட் யூ". ஏற்கெனவே அறிந்தவரிடம் "குட் டு சீ யூ". இரண்டையும் மாற்றிச் சொன்னால், பழகியவரிடம் அவரை மறந்துவிட்டதுபோல ஆகிவிடும்.

"ஐ சா ஹிம் எஸ்டர்டே" என்றால் தூரத்தில் கண்ணில் பட்டாரா, உட்கார்ந்து பேசினீர்களா என்பது தெளிவாகாது. முன்பே ஏற்பாடு செய்து சந்தித்தால் "ஐ மெட் ஹிம்". தற்செயலாக எதிர்ப்பட்டால் "ஐ ரேன் இன்டு ஹிம்". அலுவலகத்தில் ஒருவரைக் காண அனுமதி கேட்க "மே ஐ சீ தி மேனேஜர்?" சரியான மரியாதைச் சொல்.

ஓர் எச்சரிக்கை. நாள், நேரம், காரணம் எதுவும் சொல்லாமல் "ஐ ஆம் சீயிங் ஹெர்" என்றால், கேட்பவர் காதல் உறவு என்றே எடுத்துக்கொள்வார். "ஐ ஆம் சீயிங் ஹெர் அட் த்ரீ அபௌட் தி ரிப்போர்ட்" என்று நேரத்தையோ காரணத்தையோ சேர்த்துவிட்டால் வேலைச் சந்திப்பு ஆகிவிடும்.

கொண்டுபோய் விடுதல், கவனித்துக்கொள்ளுதல்

ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ வழியனுப்புவது 'சீ ஆஃப்'. வாசல்வரை வந்து விடுவது 'சீ அவுட்'. வீடுவரை துணைபோவது 'சீ ஹோம்'. பெயருக்குப் பதிலாக 'ஹெர்', 'ஹிம்', 'தெம்' வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: "ஐ சா ஹெர் ஆஃப்." "ஐ சா ஆஃப் ஹெர்" என்று யாரும் சொல்வதில்லை. 'சீ ஆஃப்' என்பதற்கு விரட்டியடித்தல், தோற்கடித்தல் என்ற பொருளும் உண்டு. எதிராளி, திருடன், போட்டி நிறுவனம் என்று வந்தால் அந்தப் பொருள்.

'சீ டு' என்றால் பொறுப்பேற்று முடித்தல். 'சீ அபௌட்' என்றால் விசாரித்து ஏற்பாடு செய்தல். "ஐ வில் சீ டு தி டிக்கெட்ஸ்" என்றவர் சீட்டோடு வருவார். "ஐ வில் சீ அபௌட் தி டிக்கெட்ஸ்" என்றவர் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பார். 'சீ டு இட் தட்' என்பதற்குப் பின் 'வில்' வராது, நிகழ்காலம் போதும்: "சீ டு இட் தட் தி பம்ப் இஸ் ஆஃப்." இதில் அதிகாரத் தொனி உண்டு. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் "கைண்ட்லி சீ டு இட்" என்று எழுதினால் 'கைண்ட்லி' இருந்தும் ஏவல் போலவே ஒலிக்கும். "குட் யூ ப்ளீஸ் மேக் ஷூர்" என்று கேட்பது நல்லது.

'சீ த்ரூ' மூன்று முகம் கொண்டது. சொல் நிற்கும் இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. "ஐ சா த்ரூ ஹிம்" என்றால் அவருடைய வேடம் எனக்குத் தெரிந்துபோயிற்று. "ஐ சா ஹிம் த்ரூ" என்றால் கஷ்டகாலம் முடியும்வரை அவருக்குத் துணைநின்றேன். "ஐ சா இட் த்ரூ" என்றால் எடுத்த வேலையை நடுவில் விடாமல் முடித்தேன். முதல் இரண்டும் நேர் எதிரான உணர்வுகள். நன்றி சொல்லப் போன இடத்தில் ஒரு சொல் இடம் மாறினால் குற்றச்சாட்டாகிவிடும். பணம், உணவு போன்றவையும் எழுவாயாகலாம்: "திஸ் மணி வில் சீ அஸ் த்ரூ தி மன்த்" என்றால் இந்தப் பணம் மாதக் கடைசிவரை தாங்கும்.

காலமும் இடமும் காணுதல்

'1969 சா தி ஃபர்ஸ்ட் மூன் லேண்டிங் பை ஹியூமன்ஸ்' என்பதுபோல ஆண்டே எழுவாயாக வரலாம். தமிழில் 'அந்த ஆண்டு கண்டது' என்று எழுதுவதும் இதே அமைப்புதான். கட்டுரைக்கு ஏற்றது, அன்றாடப் பேச்சில் செயற்கையாக இருக்கும். இதைச் செயப்பாட்டு வினையாக்க முடியாது. பழசாகித் தேய்ந்த நாற்காலியையோ காலணியையோ 'ஹேஸ் சீன் பெட்டர் டேஸ்' என்பார்கள்.

சில்லறைப் பொருள்கள்

'சீயிங் தட்' வாக்கியத் தொடக்கத்தில் 'என்பதால்'. புத்தகத்தில் 'சீ பேஜ் 40' என்றால் அந்தப் பக்கத்தைப் புரட்டுக; 'பார்' என்ற நேர்ப்பொருளில் ஏவலாக 'சீ' வரும் இந்த இடம் அச்சுக்கு உரியது. போக்கர் ஆட்டத்தில் "ஐ வில் சீ யூ" என்றால் எதிராளி வைத்த பந்தயத்துக்குச் சமமாக வைக்கிறேன். 'சீ ரெட்' கடுங்கோபம். 'சீ ஸ்டார்ஸ்' தலையில் அடிபட்டுப் பொறி கலங்குவது. 'சீ ஐ டு ஐ' ஒத்துப்போவது. பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். போப்பாண்டவரின் திருப்பீடத்தைக் குறிக்கும் 'ஹோலி சீ'யில் உள்ள 'சீ' வேறு சொல். இருக்கை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர்ச்சொல்.

'பார்' இருந்தும் 'சீ' வராத இடங்கள்

'வேலை பார்க்கிறேன்' என்பதற்கு 'வொர்க்'. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதற்கு 'லுக் ஆஃப்டர்'. 'வழி பார்த்திருந்தேன்' என்பதற்கு 'வெய்ட்'. 'பார்க்க அழகாக இருக்கிறது' என்பதற்கு "இட் லுக்ஸ் பியூட்டிஃபுல்". 'செய்து பார்' என்ற துணைவினைக்கு 'ட்ரை'. அதன்பின் '-இங்' வர வேண்டும். "ட்ரை ரீஸ்டார்ட்டிங் இட்" என்றால் அணைத்துப் போட்டுப் பார். "ட்ரை டு ரீஸ்டார்ட் இட்" என்றால் அணைத்துப் போட முயன்று பார், முடியாமலும் போகலாம்.

கீழே உள்ள ஆறு வாக்கியங்களை விடையை மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

இங்கிருந்து மலை தெரிகிறதா? "கேன் யூ சீ தி ஹில் ஃப்ரம் ஹியர்?"

மலையைப் பார்! "லுக் அட் தி ஹில்!"

கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்து வா. "கோ அண்ட் சீ இஃப் தி டோர் இஸ் ஓப்பன்."

கதவு திறந்தே இருக்கும்படி பார்த்துக்கொள். "சீ தட் தி டோர் ஸ்டேஸ் ஓப்பன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். "ஐ சா ஹெர் டேக் தி பேக்." இங்கே 'டேக்கிங்' என்று எழுதினால் எடுத்துமுடித்தாளா என்பது விட்டுப்போகும்.

கடினமான நாள்களில் நண்பர்கள்தான் என்னைக் கரைசேர்த்தார்கள். "மை ஃப்ரெண்ட்ஸ் சா மி த்ரூ தி ஹார்ட் டேஸ்." 'மி' என்பது 'த்ரூ'வுக்கு முன்னால் நிற்கிறதா என்று இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.